கோழி திருடும் சென்னைக்காரன்

எண்ணூரில் நான் வெல்டராக இருந்த தொழிற்சாலையில் ஆண்டு விழாவுக்குத் தவறாமல் ஒரு நாடகம் போடுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், எங்கள் பிரிவு அதிகாரி தானே ஒரு நகைச்சுவை நாடகத்தை எழுதிக்கொண்டு வந்தார். ரிட்டயர் ஆன சென்னைக்காரர் ஒருவர் கொசுவும் லாரிப் புகையும் வெறுத்துப்போய், மனைவி மகனோடு செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிபோகிறார். போன இடத்தில் எருமை முட்டுகிறது. கூடப் போன வேலைக்காரன் குடித்துவிட்டுக் கோழி திருடுகிறான்.

சென்னைக்காரர் வேஷம் அதிகாரிக்கு. வேலைக்காரன் வேஷம் எனக்கு. ஏன் என்று கேட்டேன்.

“பாஷை உனக்குத் தானா வருதேப்பா” என்றார்.

வந்தது உண்மைதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவனுக்கு வேறு என்ன வரும்? ஆனால் அந்த வீட்டில் மற்ற மூவரும் செய்தி வாசிப்பதுபோலப் பேச, ‘இன்னா’, ‘கீது’ என்று பேசுகிறவன் நான் ஒருவன்தான். திருடுகிறவனும் நான் ஒருவன்தான். இத்தனைக்கும் அதிகாரி கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

ஒத்திகை கேன்டீனில் நடந்தது. இரண்டாம் நாள் கேட்டேவிட்டேன்.

“சார், அந்தப் பெரியவர் வூடு வியாசர்பாடில இருந்தா இன்னா சார்? நாங்களும் ரிட்டயர் ஆவறோம்.”

“சிரிப்பு கெட்டுடும்ப்பா” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

ஊர்த் தலைவராக நடித்தவர் எங்கள் கிரேன் ஆபரேட்டர். அவர் அசல் செய்யாறுக்காரர். அவர் வாயில் அதிகாரி ‘ஏனுங்க, வாங்கோணும்’ என்று கோயம்புத்தூரைத் திணித்திருந்தார். “எங்க ஊர்ல போயி இப்படிப் பேசினா, எந்த ஊருன்னு என்னையே கேப்பானுங்க” என்று அவர் முனகினார். அதுவும் எடுபடவில்லை.

விழா அன்று காலையிலிருந்தே மழை. அதிகாரி ஏறிய ரயில் பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்ணீரில் நின்றுவிட்டது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். மாலை ஐந்து மணிக்குத் திரை தூக்க வேண்டும். எல்லார் வசனமும் எனக்கு மனப்பாடம் என்பதால், விழாக் குழுத் தலைவர் சென்னைக்காரர் வேஷத்து ஜிப்பாவைத் தூக்கி என் மேல் போட்டார். வேலைக்காரன் இரண்டாவது காட்சியில்தான் வருவான். அதற்குள் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றார்.

‘ஆஹா, என்ன தூய்மையான காற்று’ என்பது முதல் வசனம். மேடையில் நின்று வாயைத் திறந்தால் அது வரவில்லை.

“காத்து இன்னாமா அடிக்குது. கெமிக்கல் நாத்தமே இல்லாம மூச்சு வுடறதுக்கே பேஜாரா கீது” என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் டோல்கேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்த குடும்பங்கள். நாற்காலிகள் ஆடும்படி சிரித்தார்கள். அந்த நாற்றம் அவர்கள் மூக்குக்கும் தெரியும். அடுத்து வந்த கிரேன் ஆபரேட்டர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ‘ஏனுங்க’வைக் கைவிட்டார்.

“இன்னாபா, எந்த ஊரு நீங்க? எரும மின்னாடி இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க?”

அவர் ஊரிலும் ‘இன்னா’தான், ‘கீது’தான். பட்டணத்தானும் பட்டிக்காட்டானும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்பது அதிகாரியின் கதைக்குப் பெரிய இடி. கூட்டத்துக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டாவது காட்சிக்குச் சற்று முன் அதிகாரி சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். மிச்சமிருந்தது வேலைக்காரன் வேஷம்தான். விழாக் குழுத் தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி லுங்கி கட்டிக்கொண்டார். ஆனால் பாஷை வரவில்லை.

“ஐயா, கோழி கொண்டு வந்திருக்கிறேன்” என்று மேடையில் கைகட்டி நின்றார்.

“வாங்கினியா, தூக்கினு வந்துட்டியா?” என்றேன்.

“ரசீது இருக்கிறது ஐயா” என்றார். அவர் எழுதாத வசனம் அது. அன்று அதிகமாகக் கைதட்டல் வாங்கியதும் அதுதான். திரைக்குப் பின்னால் என் தோளில் தட்டி, “நீ சொன்னதுதான் சரி” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நியாயத்தையே வென்றுவிட்டவன்போல டீ குடிக்கப் போனேன்.

டீ ஊற்றிய கேன்டீன் அம்மா நாடகம் முழுக்கப் பக்கவாட்டில் நின்று பார்த்தவர்.

“நல்லா கீது நைனா. உன் பாஷைக்கு நீ சண்ட போட்ட, செரி. பொண்டாட்டி வேஷத்துக்கு இன்னாத்துக்கு ஸ்டோர் கீப்பருக்குப் பொடவ கட்டி வுட்டீங்கோ? இத்தினி பொம்பளைங்க கீறோம், ஒருத்திகிட்ட கேட்டீங்களா?”

அது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. டீ சூடு என்பதுபோல ஊதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் கேன்டீன் அம்மாதான் கதாநாயகி. வசனத்தில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பேசினார். அதிகாரி ஓரமாக உட்கார்ந்து அதையெல்லாம் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த வருடம் வேஷமே இல்லை, திரை இழுத்தேன்.