முப்பது சதவீதம்

பரங்கிப்பேட்டையில் கல்யாணங்களுக்கு ட்ரோன் விடுகிறவன் அஃப்சல். பேட்டரி முப்பது சதவீதத்துக்கு இறங்கினால், யார் கெஞ்சினாலும் திருப்பிவிடுவான். “எதிர்காத்து மிச்ச சார்ஜைக் குடிச்சிடும் மச்சான், கீழ விழுந்துடும்” என்பான்.

மீன்பிடிக்கப் போன காசிநாதன் திரும்பவில்லை. அவர் மனைவி மங்கம்மா அழைக்க, அஃப்சல் முகத்துவாரத்தில் நின்று ட்ரோன் விட்டான். திரையில் தூரத்தில் ஏதோ கறுப்பாக மிதந்தது. அசைந்தது கையா, அலையா என்று பார்ப்பதற்குள் எச்சரிக்கை ஒலித்தது. முப்பது. பழகிய விரல் திருப்பிவிட்டது. முறைதான், அந்த முறை நாசமாய்ப் போக! வேறு பேட்டரி மாட்டி அனுப்பியபோது அங்கே வெறும் தண்ணீர்.

காசிநாதன் கிடைக்கவேயில்லை. இருட்டியதும் அஃப்சல் ட்ரோனைப் பெட்டியில் வைத்தான். மங்கம்மா குத்தலே இல்லாமல் கேட்டாள்: “உன் மிஷினு நல்லபடியா கரைக்கு வந்துடுச்சில்ல, தம்பி?”