கேட்டைச் சாத்திய குற்றம்

தெருவில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். ஊரே குறட்டை விடும் நேரத்தில் தொலைதூர பஸ் ஓட்டுகிற மனுஷன் பகலில் தூங்காமல் வேறு எப்போது தூங்குவார்? அதையெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம்? விடிகாலையில் வீடு திரும்பி, ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, சாயங்காலம் வரை கட்டையைச் சாய்ப்பார். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தார். அதோடு தொலைந்தது நிம்மதி. தினம் ஒரு கூட்டம், மொட்டை மாடியில் ஸ்பீக்கர், கும்மாளம். அந்த அதிர்வில் இவர் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் ஒரு வளைவில் கண் சொக்கிவிட்டது. கண்டக்டர் "அண்ணே!" என்று அலறியிராவிட்டால் வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். விடிந்ததும் வண்டியை டிப்போவில் விட்டார்.

நேரே நகராட்சி ஆபீசுக்குப் போனார்.

"ராத்திரி பத்துலேருந்து காலைல ஏழு வரைக்கும்தான் சத்தம் போடக்கூடாதுன்னு விதி. பகல்ல நாங்க ஒண்ணும் பண்ண முடியாது," என்று அதிகாரி கையை விரித்தார். "நீங்க ராத்திரில தூங்குங்களேன்," என்று இலவச யோசனை வேறு. வயிறு எரியாதா?

அது போதாதென்று, சில நாளில் அதே அதிகாரி அவர் வாசலில் வந்து நின்றார். நட்ட நடு மத்தியானம். பக்கத்து மாடியில் பாட்டு காதைப் பிளந்தது.

"உங்க மேல புகார் வந்திருக்கு!" என்று அதிகாரி தொண்டை கிழியக் கத்தினார். "விடிகாலைல கேட்டைச் சாத்துறீங்களாம்! பக்கத்து வீட்ல தங்குறவங்க தூக்கம் கெடுதாம்! விதின்னா எல்லாருக்கும் விதிதான்!"

வேலை முடிந்து வருகிறவன் சொந்த வீட்டுக்குள் சுவர் ஏறிக் குதிக்க வேண்டுமா? அநியாயத்துக்கும் ஒரு அளவில்லையா? அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, அதிகாரியை உள்ளே கூட்டிப்போய்த் தன் கட்டிலில் உட்கார வைத்தார்.

"கொஞ்சம் படுங்க சார். நீங்க தூங்கிட்டா, அந்தக் கேட்டையே கழட்டிப் போட்டுடறேன்."

"விளையாடுறீங்களா? நான் வீட்டுக்குப் போய் மூட்டை கட்டணும். பொண்டாட்டி புள்ளைங்களோட ஊருக்குக் கிளம்புறேன். ராத்திரி பஸ்."

"எந்த ஊருக்கு சார்?"

அதிகாரி சொன்னார்.

"அது என் வண்டிதான் சார். இன்னும் பொட்டுத் தூக்கம் தூங்கல. பரவாயில்ல, நீங்க பின்னாடி நிம்மதியா தூங்கிட்டு வாங்க."

அதிகாரியின் முகம் வெளுத்தது. எழுந்த வேகத்தில் செருப்பைக்கூட மறந்துவிட்டுப் பக்கத்து மாடிக்கு ஓடினார். சற்று நேரத்தில் பாட்டு நின்றது. பகலில் வேலை செய்யாத விதி, அந்த ஒரு மத்தியானம் மட்டும் வேலை செய்தது.