டிவிக்குப் பின்னால் நின்றவன்

என் தம்பி அய்யனார் கம்பத்தில் ஏறினால் எப்படி வேலை செய்வான் என்று மேல்பட்டாம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் மின்வாரியத்தில் வயர்மேன். ‘தானே’ புயல் சாய்த்துப் போட்ட கம்பங்களையெல்லாம் நட்டு முடிக்கும்வரை அவன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்றதில்லை. இதை நான் சொன்னால் அக்கா பெருமை பேசுகிறாள் என்பார்கள். அதனால் ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தெட்டு வயதில், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான பிறகு, அவன் டிவி கேம் ஆடக் கற்றுக்கொண்டான்.

சின்ன வயதில் நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டிவி கேம் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அங்கேதான் கிடப்பார்கள். அந்தக் கடை டிவியின் பின்பக்கம் ஒயர் சொருகும் இடம் தொளதொளவென்று இருக்கும். யாராவது அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் படம் தெரியும். காசு கொடுத்தவன் ஆட வேண்டும், காசில்லாதவன் பிடிக்க வேண்டும். அய்யனாரிடம் காசும் கிடையாது, அவன் கை நடுங்கவும் செய்யாது. அவன் பிடித்தால் படம் துளி அசையாது என்று கடைக்காரரே சொல்வாராம். இப்படியே மூன்று நான்கு வருடம் போனது. எல்லா விளையாட்டின் பாட்டும் அவனுக்கு மனப்பாடம். படம் ஒன்றுகூடத் தெரியாது.

அந்தக் கடையில் இரண்டு சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே ஓடும் விளையாட்டு ஒன்று உண்டு. அதை யாரும் முடித்ததில்லை. ஒரு நாள் அவனுடைய கூட்டாளி அன்புமணி முடித்துவிட்டான். கடையே கத்தியது. டிவிக்குப் பின்னால் இருந்து இவன், "என்னடா வருது? என்னடா வருது?" என்று கேட்டிருக்கிறான். யார் காதிலும் விழவில்லை. கையை எடுத்தால் படம் போய்விடும், அதனால் எட்டியும் பார்க்கவில்லை. அப்புறம் கேட்டதற்கு அன்புமணி சொன்ன பதில்: "அதெல்லாம் வார்த்தையில சொல்ல முடியாதுடா. நீயே ஆடிப் பாத்துக்க."

அதோடு விட்டானா? வருடக்கணக்காக அதையே சொன்னான். அன்புமணியின் தங்கை அனுப்பிரியாவைத்தான் என் தம்பி கட்டினான். மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு, "மச்சான், இப்பவாவது சொல்லுடா, கடைசியில என்னடா வருது?" என்று இவன் கேட்க, "ஐயர் பாக்குறாரு, மந்திரத்தைச் சொல்லு மாப்ள" என்றான் அவன்.

புயல் வேலை ஓய்ந்ததும் அய்யனாருக்குச் சில நாள் லீவு கிடைத்தது. சிதம்பரம் போய் ஒரு பழைய டிவி கேம் பெட்டியும் கேசட்டுகளும் வாங்கி வந்தான். புதுசாக எத்தனையோ வந்துவிட்டது, இது எதற்கு என்று அனுப்பிரியா கேட்டாள். "புதுசுக்கு அப்புறம் வரேன். பாக்கி வெச்சதை முதல்ல முடிக்கறேன்" என்றான். டாங்கி விளையாட்டு, பலூன் விளையாட்டு, பைக் விளையாட்டு என்று ஒவ்வொன்றாக ஆடினான். பாட்டு வந்ததும், "ஓகோ, இதுக்குத்தான் இந்த மியூசிக்கா!" என்று சிரிப்பான். சிப்பாய் விளையாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

அதற்குள் வெயில் காலம் வந்தது. அந்த வருடம் கரண்டு விருந்தாளி மாதிரி வந்து வந்து போனது. இந்தப் பழைய பெட்டியில் ஆடிய இடத்தைச் சேமித்து வைக்க முடியாது. கரண்டு கண் சிமிட்டினால்கூட முதலிலிருந்து ஆட வேண்டும். பாதி தாண்டுவதற்குள் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துணைக்கு ஆட வரும் அன்புமணி ஒரு யோசனை சொன்னான். "சப்ஸ்டேஷன்ல உன் ஆளுங்கதானே இருக்காங்க? ஒரு போன் போடு மாப்ள. ஒரு பத்து நிமிஷம் தள்ளி நிறுத்தச் சொல்லு."

"நான் பொம்மை சுடறதுக்கு இன்னொரு ஊரு ஜாஸ்தி நேரம் புழுங்கணுமா? போடா."

போன் போடாமல் வேறு ஒன்று செய்தான். டார்ச் செல்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டி விளையாட்டுப் பெட்டிக்குக் கொடுத்தான். அதன் பிறகு பெட்டி ஓடியதெல்லாம் செல்லில்தான். கரண்டு போனால் டிவி அணையும், பெட்டி அணையாது. ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தால், கரண்டு வந்ததும் அதே இடத்திலிருந்து ஆடலாம். புயலில் நனைந்த அவன் வீட்டு டிவியிலும் ஒயர் சொருகும் இடம் ஆடியது. அதற்கு நான் தையல் துணியில் ஒரு துண்டு கத்தரித்து, மடித்து, இறுகச் செருகிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைசிக் கட்டத்துக்கே போய்விட்டார்கள். அன்புமணியின் சிப்பாய் செத்துவிட்டான். அய்யனாருக்கு ஒரே ஒரு உயிர் மிச்சம். எதிரே சுவர் உயரத்துக்கு ஒரு ராட்சச இயந்திரம். அப்போது கரண்டு போனது. பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"இருக்குது, இருக்குது. உள்ள உசுரோட இருக்குது" என்று அய்யனார் விசிறியை எடுத்துக்கொண்டான்.

அதே நேரம் பக்கத்துத் தெரு இருசம்மாள் ஓடி வந்தார். "அய்யனாரு, வேப்பங்கிளை முறிஞ்சு கம்பி அறுந்து கெடக்குதுப்பா. புள்ளைங்க வெளையாடற எடம். கரண்டு வந்துச்சுன்னா என்னா ஆவறது?"

அவனுக்கு அன்று டூட்டி இல்லை. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டே சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். கம்பியைக் கட்டிவிட்டு நான் சொல்லும்வரை எங்கள் லைனுக்குக் கரண்டு விடாதீர்கள் என்றான்.

அன்புமணி தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி, தள்ளிப் போடச் சொன்னா கரண்டு வர்றதையே தள்ளிப் போடறியே! செல்லு தாங்குமாடா?"

"தாங்கலன்னா முதல்லேருந்து ஆடுவோம். அக்கா, பொட்டிய யாரும் தொடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எங்கள் அம்மா செல்லாயி வந்து, "சும்மா கெடக்கிற பொட்டிக்கு இத்தினி செல்லா? டார்ச்சுக்கு ரெண்டு குடு" என்று கேட்டார். இல்லை என்றேன். நேரம் போகப் போகச் சிவப்பு விளக்கு மங்கியது. நல்ல சிவப்பு, செங்கல் நிறமாகி, பிறகு காய்ந்த மிளகாய் நிறமானது. கடைசியில் ஃபேன் சுற்றியது, டிவியும் எழுந்தது. ராட்சசன் அப்படியே நின்றான். ஆனால் அய்யனார் இன்னும் வரவில்லை.

அன்புமணி மெதுவாக நகர்ந்து வந்தான். "அக்கா, செல்லு செத்துப்போவும் போல இருக்குது. அவன் ஆடற ரிமோட்டை எடுத்து நானே முடிச்சுடறேன். முடிஞ்சா சரிதானே?"

"கை வெச்சின்னா மீன் குழம்பு கெடையாது."

"வஞ்சிரமா?"

"வஞ்சிரம்."

கையை எடுத்துக்கொண்டான். அய்யனார் வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க வேப்பிலை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். குதித்தான், குனிந்தான், சுட்டான். ராட்சசன் சிவந்து, நடுங்கி, வெடித்தான்.

"போட்டான்டா என் மாப்ள!" என்று அன்புமணி எம்பிக் குதித்தான். குதித்தவன் கால் ஒயரில் மாட்டியது. என் துணித்துண்டு தெறித்து விழுந்தது. டிவியில் வெறும் நீலம்.

"ஐயோ!" என்று அனுப்பிரியா கத்தினாள். "அண்ணா, ஒயரு! புடி!"

அன்புமணி பாய்ந்து டிவிக்குப் பின்னால் போய் ஒயரைச் சொருகினான். படம் வந்தது. விட்டான், போனது. மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான். எங்கள் எல்லார் முகமும் அவனுக்குத் தெரிந்தது. டிவி தெரியவில்லை.

கருப்பாக இருந்த வானம் மெல்ல நீலமானது. கடலில் ஒரு சின்னப் படகு. அதில் ஒற்றைச் சிப்பாய் நின்று கையை ஆட்டினான். கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்து மேலே போனது. அவ்வளவுதான். "இதுக்கா இத்தினி பாடு?" என்றார் அம்மா. என் தம்பி இமைக்காமல் பார்த்தான். அவன் மகள் பிறந்த அன்று தொட்டிலைப் பார்த்த அதே பார்வை.

"என்னடா வருது?" என்றான் அன்புமணி பின்னாலிருந்து. "டேய், பதினாறு வருஷமாச்சு, எனக்கே மறந்துபோச்சுடா. மாப்ள, சொல்லுடா, என்னடா வருது?"

அய்யனார் படகு மறையும்வரை பார்த்து முடித்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்:

"அதெல்லாம் வார்த்தையில சொல்ல முடியாது மச்சான். நீ ஒயரை நல்லாப் புடி."