டொக்டரிடம் மனைவி கேட்ட கேள்வி

பிள்ளைகளே, என் மனைவியின் இதய வால்வு ஒன்று பழுதாகிவிட்டது. மாற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் சனம் நெரியும் என்று பயந்து, எங்கள் ஊரான சம்பூரில் இருந்து அவளைச் சனமில்லாத ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் விளக்கி முடித்ததும் அவள் கேட்டாள்: "இந்த ஒப்பரேஷன் நீங்கள் அடிக்கடி செய்யிறனீங்களோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சும்மா இரும். டொக்டரிட்டை இப்பிடியோ கேக்கிறது?"

"வெட்டப்போறது என்ரை நெஞ்சை, உங்கடையை இல்லை."

டொக்டர் சிரித்துவிட்டார். "அம்மா கேட்டது சரி. இஞ்சை எப்பவாவதுதான் செய்யிறம். கொழும்பிலை நெடுகச் செய்யினம். என்ரை கை மட்டும் பழகினாப் போதாது, பிறகு பாக்கிற நேர்ஸ்மாரும் பழகியிருக்கவேணும். அங்கை போங்கோ."

போனோம். ஒப்பரேஷனுக்கு மறுநாள் அவள் தூங்குகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். கடந்துபோன நேர்ஸ் ஒருவர் அவள் முகம் வெளிறியிருப்பதைக் கண்டு நின்றார். உடனே டொக்டரைக் கூப்பிட்டார். நெஞ்சுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. நேரத்தோடு கண்டதால் காப்பாற்றிவிட்டார்கள்.

இப்போது அவள் கடற்கரை மணலில் மூச்சிரைக்காமல் எனக்கு முன்னே நடக்கிறாள். வாயை மூடியிருப்பதுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி டொக்டர், கேட்டவளுக்கு உண்மையைச் சொல்லி எங்களை மதித்தார்.