பக்கத்து வீட்டு ஈமெயில்

உக்குவளையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளிலேயே டெலிபோனும் கம்பியூட்டரும் இருந்தது டீச்சரான என் வீட்டில்தான். பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் கணவருக்கு டோஹாவில் வேலை. டெலிபோனில் கோல் எடுத்தால் சம்பளமே கரைந்துவிடும் என்பதால் என் விலாசத்துக்கு ஈமெயில் அனுப்புவார். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருப்பார். நான் உரக்க வாசிப்பேன். வெட்கப்பட வேண்டிய இடம் வந்தால் அவள் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். நான் தொண்டையைச் செருமி, சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் வாசித்து முடிப்பேன். அவள் சொல்லும் பதிலையும் நானே அடித்து அனுப்புவேன்.

கொழும்பிலிருந்த என் தம்பிக்கு அந்தக் கம்பியூட்டரில் இருந்த பழைய மெயில் புரோகிராமைக் கண்டாலே எரிச்சல். ஒருமுறை வரும் வழியில் சோதனைச் சாவடியில் புதுசு போடுவதற்காக அவன் பையில் கொண்டுவந்த சிடிகளைக் கொட்டி ஒவ்வொன்றாக விசாரித்திருக்கிறார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"அக்கா, இந்தப் பழசைத் தூக்கிப் போடுங்க. இப்ப எல்லாரும் இன்டர்நெட்டுலயே மெயில் எழுதுறாங்க. புதுசு போட்டுத் தர்றேன்."

"போடா! நீ போட்டுட்டுப் போயிருவ, எழுதி முடியும்வரைக்கும் லைன்ல இருந்தா டெலிபோன் பில்லை யாரு கட்டுறது? என்னோடதுல லைனை வெட்டிட்டு ஆற அமர எழுதலாம். முடிச்ச பிறகு அனுப்ப ஒரு நிமிஷம் லைன் எடுத்தாப் போதும்."

"நீங்க புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று முணுமுணுத்தபடி சிடியைப் பைக்குள் திருப்பிப் போட்டான்.

அடுத்த கிழமை டோஹாவிலிருந்து ஈமெயில் ஒன்று வந்தது. அவருடைய வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது. "நான் எவ்வளவு எழுதினாலும், 'நான் சுகம், பிள்ளை சுகம்' என்பதைத் தவிர நீ வேறு எதுவும் எழுதுவதில்லை. என்மேல் கோபமா? நான் வரட்டுமா, இல்லை இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா?"

"என்ன எழுத?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்கட விருப்பம்னு எழுதுங்க டீச்சர்" என்றாள்.

"அட பைத்தியமே! மனுஷன் வரட்டுமான்னு கேக்குறாரு. இப்பிடி எழுதினா கட்டாயம் கையெழுத்துப் போட்டுருவாரு. அவரு வரணும்னு உனக்கு ஆசை இல்லையா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லாமலா? அதையெல்லாம் உங்க முன்னால எப்பிடிச் சொல்றது? எதை எப்பிடி அமத்துறதுன்னு காட்டித் தாங்க டீச்சர். பிறகு நீங்க கொஞ்சம் குசினிப் பக்கம் போங்க."

என் வீட்டில் என்னையே குசினிக்கு அனுப்புகிறாள்! போனேன். பருப்பு வெந்தது, கீரை வெந்தது, தேங்காயும் துருவி முடிந்தது. டக், டக் என்று ஒற்றை விரல் சத்தம் மட்டும் நிற்கவில்லை. தம்பியின் புதுசில் அவ்வளவு நேரம் லைனில் இருந்திருந்தால் என் தாலியைத்தான் அடகு வைத்திருக்க வேண்டும்.

கடைசியில் கூப்பிட்டாள். லைன் எடுத்துக் கொடுத்தேன். அனுப்பும் பொத்தானை அவளே அமத்தினாள். அனுப்பியதன் பிரதி ஒன்று உள்ளே தங்கும் என்றதும் பதறிப்போய் அழிக்கச் சொன்னாள். அழித்தேன். ஒரு வரியாவது பார்க்க மாட்டோமா என்று மனசு கிடந்து தவித்தது உண்மை.

நாலைந்து நாள் பதில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக லைன் எடுப்பேன். அவள் வேலியோரம் நிற்பாள். நான் கையை விரிப்பேன். எனக்கே சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் வந்தது. எனக்குத்தான் எழுதியிருந்தார். "டீச்சர், டிக்கெட் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லிவிடுங்கள்."

வேலிக்கு மேலால் கத்தினேன். ரொட்டிக்கு மாப் பிசைந்த கையோடு ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள், அழுதாள், சிரித்தாள், மாக்கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

"வேற ஒண்ணும் எழுதலையா டீச்சர்?"

"இல்லம்மா, இவ்வளவுதான்."

"சரி" என்றாள். "மிச்சத்தை வந்து சொல்லட்டும்."