“மூச்செல்லாம் வாங்கலைங்க”

பதுளை ஆஸ்பத்திரியில் இதய டொக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அவர் சிங்களத்தில் கேட்டதை நான் என் மனைவியிடம் தமிழில் கேட்டேன்.

“மூச்செல்லாம் வாங்கலைங்க. கொழுந்துக் கூடையோட மேல்மலை வரைக்கும் ஏறுவேங்க,” என்றாள், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

பச்சைப் பொய். பீலிக் குழாயில் பிடித்த ஒரு குடம் தண்ணீரை லயத்து வீட்டுக்குத் தூக்கிவர முடியாதவள் அவள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறவள். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பழக்கம் அப்படி. முடியவில்லை என்றால் கங்காணி அரைப்பேர் போடுவார், அரைநாள் சம்பளம்தான். அதனால் காய்ச்சலோடு பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவளும் சிரித்துக்கொண்டுதான் நிற்பாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலும் இவளுக்குக் கங்காணி ஞாபகம்தான்.

அவள் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். டொக்டரின் முகம் தெளிந்தது. இவ்வளவு ஏறுகிறவர் வால்வு ஒப்பரேஷனைத் தாங்கிவிடுவார், பயம் குறைவு, அவசரமும் இல்லை, கொஞ்ச நாள் பொறுத்துக் கொழும்புக்கு அனுப்பலாம் என்றார்.

பாழாய்ப்போன மனசு, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது! பொய்க்குக் கிடைத்த பதில் என்று தெரிந்தும், அப்படியே எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அவள் உதட்டைப் பார்த்தேன். நீலம் பாரித்திருந்தது. எல்லாம் பொய் சேர் என்று கொட்டித் தீர்த்துவிட்டேன்.

டொக்டர் மறுபடியும் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அப்படியென்றால் இனிப் பொறுக்க முடியாது, உடனே செய்ய வேண்டும் என்றார். ஆனால் இதயம் இவ்வளவு களைத்த பிறகு ஒப்பரேஷன் எப்படி முடியும் என்று உறுதி சொல்ல முடியாதாம்.

“பிழைப்பாளா, சேர்?”

இந்த வாரமே கொழும்புக்குப் போய்ச் சேரச் சொல்லி, கடிதம் எழுதி அவள் கையில் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் லுணுகலை பஸ்ஸில் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “சும்மா இருந்திருந்தா நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பாரு. நீங்கதான் கெடுத்தீங்க,” என்றாள், ஜன்னலைப் பார்த்து. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போது பாதிவழியில் கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே கங்காணி வந்தார். எழுந்து நிற்பாள், சிரிப்பாள் என்று பார்த்தேன்.

“என்னம்மா, நாளைக்கு வேலைக்கு வர்றதானே?”

அவள் எழுந்திருக்கவில்லை.

“முடியலைங்க,” என்றாள்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.