நாவலில் இல்லாத வரி

நானூறு பக்க நாவலை இரண்டேகால் மணி நேரப் பாட்டு நாடகமாக்கப் போகிறேன் என்று நான் உட்கார்ந்தபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் பிடிவாதம் கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். கல்லூரியில் இருபது வருடம் அந்த நாவலைப் பாடம் நடத்தியவள் நான். எழுதியவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. அவர் சார்பில் சண்டை போட ஓர் ஆள் வேண்டாமா? அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாவலில் இல்லாத பேச்சு ஒன்றுகூட மேடையில் வரக்கூடாது என்று முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டேன்.

"நாவல்ல ஹார்மோனியமே இல்லியேம்மா, நான் வூட்டுக்குக் கெளம்பட்டா?" என்றார் மெட்டுப் போட்டவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாவலின் உயிர் ஒரே ஒரு காட்சியில் இருக்கிறது. புருஷன் வீட்டில் வாழ முடியாமல் பெட்டியோடு திரும்பி வரும் மகளை அப்பா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார். அவள் படியிறங்குகிறாள். அவர் கதவைச் சாத்துகிறார். அதன் பிறகு கடைசிப் பக்கம் வரை இருவரும் சந்திப்பதே இல்லை.

அப்பா வேடத்துக்கு வந்தவர் எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். இளவயதில் கூத்தில் பாடியவர். மைக் இல்லாமலே கடைசி நாற்காலி வரை குரல் போகும். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். ஆனால் கூத்துக்காரர்களின் பழக்கம் அவரை விடவில்லை. எழுதிக்கொடுத்ததைப் பாடி முடித்ததும், அதன் மேல் சொந்தமாக நாலு வார்த்தை போட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. ஒருநாள் ஒத்திகையில் மகளை விரட்டிக்கொண்டே இருந்தவர், நடுவில் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோக்காரர்கள் கேட்கும் காசைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் எரிந்து விழுந்தேன். பாவம், மறுபடி முதலிலிருந்து பாடினார்.

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, கடைசில ஒரே ஒரு வார்த்த சேத்துக்கறேன். அவ திரும்பிப் போறா இல்ல, அப்ப 'சாப்ட்டுட்டுப் போம்மா'ன்னு சொல்லிட்டுக் கதவ சாத்தறேன். அவ்ளோதான். மெட்டு கூட வேணாம்."

"முடியாதுண்ணே."

"என் பொண்ணு வரும்மா. மிருதங்கக்காரர்கிட்ட பாஸ் குடுத்து அனுப்பி இருக்கறேன். அவ காதுல உழணும்."

அவர் கதை எனக்குத் தெரியாததல்ல. மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய மகளும் இப்படித்தான் பெட்டியோடு வந்து நின்றாள்; அவரும் இப்படித்தான் அனுப்பிவைத்தார். அவள் புருஷனிடம் போகவில்லை. நாலு தெரு தள்ளி ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நானே அவளிடம் புடவை எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு கிடையாது.

இவ்வளவும் தெரிந்தும் நான் இறங்கி வரவில்லை. சாப்பிடச் சொல்லும் அப்பன் கதவைச் சாத்துவானா? அந்த ஒரு வார்த்தையில் நாவலே கவிழ்ந்துவிடும் என்று வாதாடினேன். "உங்க வீட்டு விஷயத்துக்காக நாவலை வளைக்க முடியாதுண்ணே" என்று சொன்னது போதாதென்று, மேடையில் எதையும் சேர்க்க மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். நாடகப் பிரதியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அமாவாசை அன்று அரங்கேற்றம். அன்றைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது, எல்லோரும் வருவார்கள். வீடுகளில் படையல் முடிந்து சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டுமே என்று மூன்று மணிக்கு வைத்திருந்தோம். கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. நாலாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில், அவர் மகள் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

அந்தக் காட்சி வந்தது. மேடையில் மகள் படியிறங்கினாள். ஹார்மோனியம் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் நாலாவது வரிசையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் ஓரத்துத் திரைக்குப் பின்னால் பிரதியைக் கசக்கிக்கொண்டு நின்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மண்டபம் முழுக்கக் கைதட்டல். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மறைப்பானேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நாவல் பிழைத்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ஓரத்து நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தேன்.

வாசலுக்கு ஓடினேன். அவள் ஆட்டோவில் ஏறப்போனாள்.

"ஒரு நிமிஷம்மா. மேடையில கதவை மூடறதுக்கு முன்னாடி உன்னைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லணும்னு அப்பா கேட்டாரு. நான்தான் விடல. தப்பு என்னோடது."

அழுதிருந்தாள். ஆனாலும் கடையில் விலை சொல்கிற அதே நிதானத்தோடு பேசினாள். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு தெருதான் மேடம் இருக்குது. அந்த ஒரு வார்த்தய சொல்றதுக்கு அவுருக்கு மண்டபம், மேளம், இத்தினி ஜனம் எல்லாம் வேணுமா? ஊரே பாத்துக்கினு இருக்கும்போது சொன்னா நான் இன்னா பண்றது? மண்டய ஆட்டணுமா?"

ஆட்டோ போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரி நாவலுக்கு நல்லதா, அவருக்கு நல்லதா என்றுதான் நான் மல்லுக்கு நின்றேன். கேட்கப்போகிறவளைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் மணமகள் அறைக்குப் போனேன். அதுதான் எங்களுக்கு ஒப்பனை அறை. அவர் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாதில எழுந்து பூட்டாளேம்மா. எதுனா சொன்னாளா?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். துணியைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு கேட்டார்: "அடுத்த ஷோ எப்பம்மா? அதுலயாவது அந்த வார்த்தய வெச்சிக்கலாமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

"வெச்சுக்க முடியாதுண்ணே. இந்தத் தடவை நாவலுக்காகச் சொல்லல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "இந்நேரம் ரூமுக்குப் போயிருப்பாளா?" என்றார்.

"போயிருப்பா."

முகத்தில் பாதி அரிதாரம் அப்படியே இருக்க எழுந்தார். அறை வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேட ஆரம்பித்தார். நானும் குனிந்து தேடினேன்.